சிவசங்கரநாராயண பிள்ளைக்குத் தம்பானூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சிவசங்கரநாராயண பிள்ளை ஐயா அவர்களுக்கு,

நீங்கள் பிறந்த வல்லத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். பிழைப்பு திருவனந்தபுரம் தம்பானூரில். ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய தெருவில் ஒரு மாடியறையில் சாயங்காலம் கணக்கு டியூஷன் நடத்துகிறேன். சாலைக் கடைவீதியில் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும், கரமனை, மணக்காடு பக்கத்து மலையாளப் பிள்ளைகளும் வருகிறார்கள். 1950-இல் மறைந்துவிட்ட உங்களுக்கு இப்போது ஏன் கடிதம் என்று யாராவது கேட்கலாம். உங்களுக்குச் சேர வேண்டிய நன்றியை மனதுக்குள் சொல்லிக்கொள்வதைவிட நாலு பேர் காதில் விழும்படி சொல்வதுதான் முறை என்று எனக்குப் படுகிறது. ராமானுஜன் பெயர் தெரிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கணித அறிஞரான உங்கள் பெயரும் தெரிய வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது.

எங்கள் பின்கோடு 695001. தம்பானூருக்கும் புளிமூட்டில் இருக்கிற தலைமைத் தபால் நிலையத்துக்கும் இந்த ஒரே எண்தான். முதலில் நிற்கும் 6 தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பொது. 695 என்றால் திருவனந்தபுரம். கடைசி 001 தலைமை அஞ்சலகம். ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி வகுத்த ஏற்பாடு இது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. தபால் பிரிப்பவர்களின் வசதிக்காக வைத்த எண்ணே தவிர, கணக்கை நினைத்து யாரும் வைத்ததில்லை. நீங்கள் மறைந்து ஏறக்குறைய 22 வருடம் கழித்து வந்த இந்த எண்ணைப் பற்றி நீங்கள் முன்கூட்டியே உறுதி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த உறுதிக்காகத்தான் இந்த மடல்.

முதலில் எண்ணைப் பிரித்துப் பார்த்தோம். இலக்கங்களைக் கூட்டினால் 21, ஆகவே 3-ஆல் வகுபடும். வகுத்தால் 231667. அதில் 7, 11, 13, 17 எதுவும் போகவில்லை, 19 போயிற்று. மிச்சம் 12193. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். 110 வரை உள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்தேன். 23, 29, 31 என்று ஒவ்வொன்றாக வகுத்துத் தள்ளிக்கொண்டே வந்து 83-உம் போகாமல், கடைசியில் 89 சரியாகப் போயிற்று. ஈவு 137. ஆக, 695001 என்பது 3, 19, 89, 137 என்ற நாலு பகா எண்களின் பெருக்கல். ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. அதனால் இந்த எண்ணுக்கு மொத்தம் 16 வகுத்திகள். அந்த எண்ணைத் தவிர்த்த மற்ற 15 வகுத்திகளையும் கூட்டினால் 298599; எண்ணின் பாதியைக்கூடத் தொடவில்லை.

இதெல்லாம் யார் உட்கார்ந்தாலும் போடக்கூடிய கணக்கு. நீங்கள் கொடுத்தது இதற்கு அப்பால் இருக்கிறது.

அடுத்தடுத்து வரும் முழு எண்களில் 16-க்கு மேற்படாமல் எத்தனை எடுத்தாலும், எங்கிருந்து எடுத்தாலும், அவற்றில் ஒன்றாவது மற்ற எல்லாவற்றோடும் சார்பகா எண்ணாக இருக்கும் என்று நிரூபித்தீர்கள். வரிசையில் ஒருவராவது மற்ற எவரோடும் பொதுக் காரணி இல்லாமல் நிற்பார். வரிசை நூறில் தொடங்கினாலும் சரி, நூறு கோடியில் தொடங்கினாலும் சரி. இதைப் பிள்ளைகளிடம் சொன்னதும் ஒரு சிறுமி, "அப்ப நம்ம தபால் எண்ணிலிருந்து ஆரம்பிப்போமா சார்?" என்று கேட்டாள். 695001-இலிருந்து 695016 வரை பலகையில் எழுதினோம்.

இதில் உங்கள் நிரூபணத்தின் சுவையில் ஒரு துளியைப் பிள்ளைகள் தாங்களே ருசித்தார்கள். இரண்டு எண்களுக்குப் பொதுக் காரணி இருந்தால் அது அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்க வேண்டும். இந்த வரிசையில் எந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 15-ஐத் தாண்டாது. ஆகவே 2, 3, 5, 7, 11, 13 என்ற ஆறு பகா எண்களை மட்டும் கவனித்தால் போதும். ஆறு இலக்க எண்களை முழுக்கப் பிரிக்க வேண்டியதில்லை. இரட்டை எண்கள் முதலிலேயே போய்விட்டன. எங்கள் 695001 மூன்றால் வகுபடுவதால் பட்டம் பகுதியின் எண்ணான 695004-ஓடு உறவு வைத்துக்கொண்டது. 695007, 695013 இரண்டும் அதே மூன்றில் மாட்டின. 695005-உம் 695015-உம் ஐந்தில் போயின. 695009 மணக்காடு, அது ஏழால் வகுபடுகிறது, 695002-ஆன கரமனையும் அப்படியே. கரமனைப் பையனும் மணக்காட்டுப் பையனும் "நமக்குள்ள ஏழு பொதுடா" என்று கைகொடுத்துக்கொண்டார்கள்.

மிஞ்சியவை 695003, 695011. ஒன்று கவடியார், மற்றது மெடிக்கல் காலேஜ். ஆறு பகா எண்களில் எதுவும் இவற்றை வகுக்கவில்லை. ஒருவராவது இருப்பார் என்று நீங்கள் சொன்னீர்கள். இரண்டு பேர் கிடைத்தார்கள்.

அதோடு நீங்கள் விடவில்லை. 17 எண்கள் என்றதும் இந்த உறுதி உடைந்துபோகும் என்பதையும் காட்டினீர்கள். 2184-இலிருந்து 2200 வரை எழுதிப் பார்த்தால் தெரியும். 2189-உம் 2200-உம் பதினொன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. 2197 என்பது 13-இன் கனம். 2184-உம் 13-ஆல் வகுபடும். 2191-ஐ 2184-ஓடு ஏழு பிணைக்கிறது. 2185, 2195 இரண்டும் ஐந்தில், 2187, 2193, 2199 மூன்றும் மூன்றில். பதினேழில் ஒருவர்கூடத் தனித்து நிற்கவில்லை. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை; ஒரு நோட்டும் பென்சிலும் போதும். 17-இலிருந்து 430 வரை எந்த நீளத்துக்கும் இப்படிப்பட்ட வரிசைகள் உண்டு என்று நீங்கள் நிறுவினீர்கள். அதற்கு மேற்பட்டதை 1941-இல் ஆல்ஃபிரட் பிரவர் முடித்துவைத்தார். அடுத்தடுத்த எண்களின் பெருக்கல் ஒரு வர்க்கமாகவோ கனமாகவோ வேறெந்த முழு அடுக்காகவோ வரமுடியுமா என்ற பழைய கேள்விக்காகத்தான் இந்த வழியில் இறங்கினீர்கள். வரவே வராது என்று எர்டோஷும் செல்ஃப்ரிட்ஜும் 1975-இல் முழுமையாக நிரூபித்தார்கள். 16 எண்கள் வரை அந்தப் பாதையை வெட்டிக் கொடுத்தது நீங்கள்.

எங்கள் எண்ணின் கடைசிக் காரணியான 137-க்கு வருகிறேன். என்னை நிலைகொள்ளாமல் செய்த இடம் இதுதான்.

1-இலிருந்து ஒரு எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி, அதோடு 1 கூட்டினால் வரும் எண்ணை எந்தப் பகா எண்கள் வகுக்கும்? நாலு வரை பெருக்கினால் 24, ஒன்று கூட்டினால் 25, வகுப்பது 5. ஐந்தை நாலால் வகுத்தால் மீதி 1. ஐந்து வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 121, வகுப்பது 11, ஐந்தால் வகுத்தால் மீதி 1. ஆறு வரை போனால் 721. அது 7-உம் 103-உம் பெருக்கியது. இரண்டையும் ஆறால் வகுத்தால் மீதி 1. ஏழு வரை போனால் 5041, அதாவது 71-இன் வர்க்கம். 71-ஐ ஏழால் வகுத்தாலும் மீதி 1. இந்த ஒழுங்கு எப்போதும் நிற்குமா என்று கேட்டீர்கள். எட்டிலேயே உடைகிறது: 40321 என்பது 61-உம் 661-உம் பெருக்கியது, 61-ஐ எட்டால் வகுத்தால் மீதி 5. இப்படி ஒழுங்கை மீறும் பகா எண்களுக்கு உலகம் முழுக்க இன்று பிள்ளை பகா எண்கள் என்றுதான் பெயர். அவற்றில் மிகச் சிறியது 23. அவை முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்பதைச் சுப்பாராவும் எர்டோஷும் பிற்பாடு நிரூபித்தார்கள்.

137 ஒரு பிள்ளை பகா எண். 1-இலிருந்து 16 வரை பெருக்கினால் 20922789888000. அதோடு ஒன்று கூட்டினால் 137 மீதியில்லாமல் வகுக்கிறது. 137-ஐ 16-ஆல் வகுத்தாலோ மீதி 9. இதைச் சரிபார்க்கக் கால்குலேட்டர்கூட வேண்டாம். 10001 என்பது 73-ஐ 137-ஆல் பெருக்கியது. அதனால் எந்தப் பெரிய எண்ணையும் வலமிருந்து நாலு நாலு இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் 137-ஆல் வகுக்கும்போது வரும் மீதி மாறாது. வெட்டுவோம்: 8000, 8988, 9227, 20. எண்ணாயிரத்தில் 8988-ஐக் கழித்து, 9227-ஐக் கூட்டி, 20-ஐக் கழித்தால் 8219. ஒன்று கூட்டினால் 8220. அது 137-இன் 60 மடங்கு. முடிந்தது.

தம்பானூரின் தபால் எண்ணுக்குள் உங்கள் பெயர் தாங்கிய பகா எண் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நீங்கள் படித்த ஊரின், நீங்கள் பாடம் சொன்ன ஊரின் எண் இது. சந்தோஷப்பட எனக்கு அது போதும்.

மேலே 73 என்று ஒரு எண் வந்ததே, அதுவும் உங்களுடையதுதான். எந்த முழு எண்ணையும் கூட்டலாக எழுத எத்தனை வர்க்கங்கள், எத்தனை கனங்கள், எத்தனை மேல் அடுக்குகள் போதும் என்று 1770-இல் எட்வர்டு வேரிங் எழுப்பிய பிரச்சினை கணித உலகை நெடுங்காலம் ஆட்டிப்படைத்தது. எந்த முழு எண்ணையும் நாலு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று அதே வருடம் லக்ராஞ்சி நிரூபித்தார். கனங்களுக்கு 9 போதும் என்பதற்கு 1909 வரை, அதில் இருந்த ஓட்டையை அடைக்க 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நீங்கள் ஏழாம் அடுக்குக்கும் அதற்கு மேலும் வேண்டிய விடையை 1930-களின் நடுவில் எட்டினீர்கள். அமெரிக்காவில் டிக்சனும் அதே சமயம் தனியாக அங்கே வந்து சேர்ந்தார். ஆறாம் அடுக்கு மட்டும் பிடிகொடுக்காமல் நின்றது. 1940-இல் அதையும் முடித்தீர்கள்: எந்த முழு எண்ணுக்கும் 73 ஆறாம் அடுக்குகள் போதும், அதற்குக் குறைந்தால் போதாது. அதைவிடச் சின்ன அடுக்கான ஐந்துக்கு 1964-இல் சென் ஜிங்ருன் வரவேண்டியிருந்தது. நாலுக்கு 1986 வரை போயிற்று. அதை முடித்த மூவரில் ஒருவர் நம் சென்னையின் ஆர். பாலசுப்பிரமணியன்.

பிள்ளைகள் 695001-ஐ இதிலும் போட்டுப் பார்த்தார்கள். இருப்பதில் பெரியதை முதலில் எடுத்துக்கொண்டு போனார்கள். 9-இன் ஆறாம் அடுக்கு 531441, ஒன்று. 7-இன் ஆறாம் அடுக்கு ஒன்று, 5-இனுடையது இரண்டு, 4-இனுடையது மூன்று, 3-இனுடையது மூன்று, 2-இனுடையது இரண்டு. கடைசியில் 58 மிஞ்சியது. அதற்கு 58 ஒன்றுகள். மொத்தம் 70. உங்கள் 73-க்கு மூன்றே குறைவு. பேராசைப்படாமல் கொஞ்சம் நிதானித்தால் இன்னும் சுருக்கலாம்: 8-இன் ஆறாம் அடுக்கு இரண்டு, 6-இனுடையது மூன்று, 4-இனுடையது ஏழு, 3-இனுடையது ஒன்று, 2-இனுடையது 21. மொத்தம் 34. ஒரே எண்ணுக்கு இரண்டு வழிகள், ஒன்று மற்றதில் பாதிக்கும் குறைவு. 73-உம் தேவைப்படும் எண்ணோ மிகச் சிறியது: 703. அது 3-இன் ஆறாம் அடுக்கான 729-ஐவிடக் குறைவு என்பதால் அதற்குக் கிடைப்பவை 64-உம் 1-உம் மட்டுமே. பத்து அறுபத்துநாலு, மேலே 63 ஒன்றுகள். பெரிய எண்தான் அதிகம் கேட்கும் என்று எல்லோரும் நினைப்போம். 703 கேட்பதை 695001 கேட்கவில்லை.

பிள்ளை பகா எண் 137-ஐயும் வேரிங் பிரச்சினையின் 73-ஐயும் பெருக்கினால் 10001 வருவதற்கு ஆழமான காரணம் எதுவும் இல்லை. வகுப்பில் அதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் தன்னால் உயர்ந்துவிடுகிறது.

உங்கள் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க இந்த நன்றி இன்னொரு மனிதரிடமும் போய்ச் சேருகிறது. நீங்கள் பிறந்து ஒரு வருடத்தில் தாயார் கோமதி அம்மாள் போய்விட்டார். பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் தகப்பனார் சுப்பையா பிள்ளையும் காலமானார். அத்தோடு நின்றிருக்க வேண்டிய படிப்பு. சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்து உங்களைப் படிக்கவைத்தார். கணித வரலாற்றில் அவருக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. அந்த ஒரு வரிக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறேன். அந்தக் காலத்து வாத்தியார் சம்பளத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குப் பங்கு வைக்க எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும்!

நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு, பி.ஏ.வுக்கு இந்த ஊர் மகாராஜா கல்லூரிக்கு வந்தீர்கள். இன்று அது பாளையத்தில் யூனிவர்சிட்டி காலேஜ். தம்பானூரிலிருந்து ஓவர்பிரிட்ஜ், புளிமூடு, ஸ்டாச்சு வழியாக நடந்தே போய்விடலாம். நான் அந்த வழியே போகும்போதெல்லாம், கூட வரும் மாணவர்களிடம் அந்தச் சிவப்புக் கட்டடத்தைக் காட்டி உங்கள் பெயரைச் சொல்லுவேன். 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி ஆகியோரிடம் போனீர்கள். 1929-இலிருந்து சிதம்பரம். 1941-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகத் திரும்பி வந்தபோது தம்பானூர் ஸ்டேஷனுக்கு வயது பத்து. ஒரே வருடம்தான் இங்கே இருந்தீர்கள்; பிறகு கல்கத்தா உங்களை அழைத்துக்கொண்டது.

1950-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஒரு வருடம் தங்கி வேலை செய்ய அழைத்தது. ஹார்வர்டில் நடந்த சர்வதேசக் கணித மாநாட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகவும் கிளம்பினீர்கள். மாநாடு ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. மறுநாள் எகிப்தில் உங்கள் விமானம் விழுந்தது. அதில் இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. உங்களுக்கு அப்போது 49 வயது. பிரின்ஸ்டனில் அந்த ஒரு வருடம் உங்களுக்குக் கிடைத்திருந்தால் என்னவெல்லாம் வந்திருக்கும் என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனது ஆறவில்லை.

நீங்கள் விட்டுச்சென்ற கேள்வி ஒன்று இன்னும் திறந்தே கிடக்கிறது. 8-உம் 9-உம் அடுத்தடுத்த எண்கள். ஒன்று கனம், மற்றது வர்க்கம். வித்தியாசம் 1 வரும் முழு அடுக்குகள் இவை இரண்டு மட்டுமே என்பதை 2002-இல் மிஹாய்லெஸ்கு நிரூபித்தார். வித்தியாசம் 2 என்றால் 25-உம் 27-உம் இருக்கின்றன. எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் அப்படிப்பட்ட இணைகள் ஒரு கட்டத்தில் முடிந்துபோகும் என்று நீங்கள் சொன்னீர்கள். 1-ஐத் தவிர வேறு எந்த ஒரு வித்தியாசத்துக்கும் இதுவரை யாராலும் அதை நிரூபிக்க முடியவில்லை. எட்டாம் வகுப்புப் பையனுக்குப் புரியும் கேள்வி. உலகத்தின் பெரிய மூளைகளுக்கும் எட்டாத விடை. இப்படி ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டுப் போனதற்கும் நன்றி ஐயா.

இதைப் படிக்கும் கணக்கு வாத்தியார்களிடம், டீச்சர்களிடம் ஒரு வேண்டுகோள். சார்பகா எண்கள் பாடம் வரும் அன்று உங்கள் ஊர்ப் பின்கோட்டைப் பலகையில் எழுதி, அதிலிருந்து வரிசையாக 16 எண்களைப் போடுங்கள். தனித்து நிற்பவரைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும், கட்டாயம் கிடைப்பார். பிறகு 2184-இலிருந்து 2200 வரை எழுதி அங்கேயும் தேடச் சொல்லுங்கள். தேடி முடித்த பிறகு, இதைக் கண்டவர் வல்லத்தில் பிறந்து, நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்து, சிதம்பரத்தில் வேலை பார்த்த எஸ். எஸ். பிள்ளை என்று பெயரைச் சொல்லுங்கள். அவரைப் படிக்கவைத்த சாஸ்திரியார் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


தம்பானூர் கணக்கு வாத்தியார் ஒருவர்